நாக்குக்கு வாரிசு யார்?

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்றும் சொல்வார்கள். இரண்டும் பரம்பரையைப் பற்றிய பழமொழிகள்தாம். ஆனால் எது எப்போது வாயில் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். மகள் எதிர்த்துப் பேசினால், மருமகள் கைவேலை சரியில்லை என்றால், பெண்ணொருத்தி தானே ஒருவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விட்டால் நூலும் சேலையும் வரும். பையன் நல்ல மதிப்பெண் வாங்கினால் புலி வரும். அந்தப் புலி எப்போதும் அப்பாதான், அல்லது அப்பாவைப் பெற்ற தாத்தா. அம்மாவைப் புலி என்று சொல்லி யாரும் பிள்ளையைப் பாராட்டி நான் கேட்டதில்லை.

இப்போது பழமொழியின் இடத்துக்கு மரபணு வந்திருக்கிறது. 'எங்க ஜீன்லயே இருக்கு', 'அது டிஎன்ஏ, மாத்த முடியாது' என்று படித்த வீடுகளில் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். பழைய ரத்தமும் வித்தும் வம்சமும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கின்றன. கோட்டுக்குள் இருப்பது மனு காலத்துக் கணக்குதான்: ஆண் விதை, பெண் நிலம், விளைச்சல் விதைக்காரனுடையது. கிரிகோர் மெண்டல் 1865-இல் பட்டாணிச் செடிகளை வைத்துச் சொன்னது இதற்கு நேரெதிரானது. ஆண் செடியிலிருந்து ஒரு பங்கு, பெண் செடியிலிருந்து ஒரு பங்கு, இரண்டும் சமம். பெண்ணை வெறும் மண்ணாகப் பார்த்த கருத்தின் வேரை அறுத்த அறிவியல் அது. அந்த அறிவியலின் பெயரை வைத்துக்கொண்டே பெண்ணை மறுபடி மண்ணாக்க முடிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் புகார்.

நாக்கை எடுத்துக்கொள்வோம். பரம்பரையாக வரும் குணம் என்று பாடப்புத்தகங்கள் விரும்பிக் காட்டும் எடுத்துக்காட்டு அது. கதை 1931-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பினைல்தயோகார்பமைடு என்ற பொடியைக் கையாண்டுகொண்டிருந்தார். சுருக்கமாக பிடிசி. பொடி காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார். ஃபாக்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருவரும் வாதாடி, அந்தப் பொடியை நாக்கில் வைத்தே பார்த்தார்கள். ஒருவருக்குக் கடுங்கசப்பு, மற்றவருக்குச் சுண்ணாம்புத்தூள் போலச் சப்பென்று. அதன்பின் லாரன்ஸ் ஸ்னைடர், ஆல்பர்ட் பிளேக்ஸ்லி போன்ற மரபியலாளர்கள் குடும்பம் குடும்பமாகச் சோதித்தார்கள். ஸ்னைடர் மட்டும் 800 குடும்பங்களைப் பார்த்தார். கசப்பை உணராமை ஒடுங்கு பண்பு, அதாவது அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு 'உணராத' வடிவங்கள் சேர்ந்தால்தான் வெளிப்படும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இந்த முடிவை நம் வீட்டு வட்டமேசைக்குக் கொண்டு வந்து பார்ப்போம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறை ஆண்களுக்கு முட்டைக்கோஸ் ஆகாது. தாத்தா தட்டைத் தள்ளினார், மகன் தள்ளினார், இப்போது பேரன் தள்ளுகிறான். 'எங்க வம்சத்துக்கே ஆகாது' என்று அந்த வீட்டில் பெருமையாகவே சொல்வார்கள். முட்டைக்கோஸ் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அதே வீட்டுக்கு மருமகளாக வந்தவருக்கு மீன் வாடை குமட்டும். 30 வருடமாக அவர்தான் மீன் ஆய்கிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு செதில் உரசுவதைப் பார்த்து, 'போகப் போகப் பழகிடும்' என்று மாமியார் சொன்னாராம். அந்தப் 'போகப் போக' இன்னும் வந்தபாடில்லை.

ஆணுக்குப் பிடிக்காதது வம்சம். பெண்ணுக்குப் பிடிக்காதது பழக்கக் குறைவு. அவனுக்குப் பிடித்தது ருசி அறிந்த நாக்கு. அவளுக்குப் பிடித்தது நாக்கு ருசி தேடுகிற குணம், குடும்பத்துக்கு ஆகாத குணம். நாக்கு நீண்டவள் என்று ஒரு பெண்ணைச் சொன்னால் பேச்சுக்கும் தீனிக்கும் சேர்த்தே பழி விழுகிறது. ஆணின் நாக்கு எத்தனை அங்குலம் என்று யாரும் அளப்பதில்லை.

இனி அந்த முட்டைக்கோஸ் வம்சத்தின் மரபியலைப் பாருங்கள். முட்டைக்கோஸ், கடுகுக்கீரை, பிராக்கோலி வகைகளில் இருக்கும் கசப்புப் பொருள்களுக்கும் பிடிசிக்கும் வேதியியல் உறவு உண்டு. பிடிசி கசக்கிறவர்களில் பலருக்கு இவையும் தூக்கலாகக் கசக்கும். பேரனுக்கு அப்படிக் கசக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். 'உணரும்' வடிவம் ஒன்று வந்தாலே போதும், அவனுக்குக் கசக்கும். அது அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம், அம்மாவிடமிருந்தும் வந்திருக்கலாம். எப்படித் தெரிந்துகொள்வது? அம்மாவுக்குக் கசக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டவர் யாருமில்லை. அவர் கசந்தாலும் விழுங்கிக்கொண்டு, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சமிருப்பதை ஒதுக்கிக்கொண்டு உட்காருகிறவர். தட்டைத் தள்ள உரிமை உள்ளவர்களின் நாக்கு மட்டுமே குடும்ப வரலாற்றில் பதிவாகிறது. அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'பாருங்கள், ஆண் வழியாகவே வருகிறது' என்கிறோம். பாதிக் குடும்பத்தின் வாயைப் பொத்திவிட்டுத் திரட்டிய தகவலுக்குப் பெயர் பரம்பரை இல்லை.

பிடிசி தாள் வெறும் வகுப்பறை விளையாட்டாகவும் இருந்ததில்லை. டிஎன்ஏ சோதனை வருவதற்கு முன், குழந்தைக்குத் தகப்பன் யார் என்ற வழக்குகளில் ரத்த வகையோடு சேர்த்து இந்தக் கசப்புச் சோதனையையும் துணைக்கு அழைத்தார்கள். தருக்கம் எளிது: பெற்றோர் இருவருக்கும் கசக்கவில்லை, பிள்ளைக்குக் கசக்கிறது என்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. தப்பு யாருடையது என்று சொல்லவே வேண்டாம். ஸ்னைடரின் குடும்பங்களிலேயே இந்த விதிக்குள் அடங்காத சில பிள்ளைகள் இருந்தார்கள். விதி தப்பாக இருக்கலாம், அளவீடு தப்பாக இருக்கலாம், கசக்கிறது கசக்கவில்லை என்று இரண்டாகப் பிரித்ததே தப்பாக இருக்கலாம். இப்படி எத்தனையோ வாசல்கள் திறந்திருக்க, சந்தேகம் நேராகத் தாயின் படுக்கையறைக்குள்தான் நுழைகிறது.

இதே ஆபத்து நம் பள்ளிக்கூட வீட்டுப்பாடங்களிலும் இருக்கிறது. நாக்கைக் குழல்போலச் சுருட்ட முடிகிறதா, காதுமடல் ஒட்டியிருக்கிறதா என்று வீட்டில் எல்லாரையும் பார்த்துப் பட்டியல் எழுதி வரச் சொல்கிறார்கள். அம்மாவாலும் அப்பாவாலும் நாக்கைச் சுருட்ட முடியாது, பிள்ளை சுருட்டுகிறாள் என்றால் அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் தன் நோட்டைப் பார்த்து என்ன நினைப்பாள்? பக்கத்து பெஞ்சில் இருப்பவள் என்ன சொல்வாள்? நாக்கு சுருட்டுவது பரம்பரைப் பண்பு என்று 1940-இல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட், பெரிய மரபியலாளர். 1952-இல் பிலிப் மேட்லாக் 33 ஜோடி ஒத்த இரட்டையரைச் சோதித்தார். அவற்றில் 7 ஜோடிகளில் ஒருவரால் சுருட்ட முடிந்தது, மற்றவரால் முடியவில்லை. ஒரே மரபணுத்தொகுதி, இரண்டு விதமான நாக்கு. இது இன்னும் புத்தகங்களில் மெண்டல் விதிக்கு எடுத்துக்காட்டாக வருவது தனக்கே கூச்சமாக இருக்கிறது என்று ஸ்டர்ட்டவன்டே 1965-இல் எழுதினார். ஒரு விஞ்ஞானி தன் முடிவைத் தானே திரும்பப் பெற்று அறுபது வருடமாகிறது. பாடம் மட்டும் திரும்பவில்லை. தாயின் ஒழுக்கத்தைச் சோதிக்கும் தேர்வை அவள் பெற்ற பிள்ளையின் கையாலேயே எழுத வைக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் அந்தப் பட்டியல்கள் வருடா வருடம் வீட்டுக்கு வருகின்றன.

பிளேக்ஸ்லி வேலை பார்த்த இடம் நியூயார்க் அருகே உள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர். 1910 முதல் 1939 வரை யூஜெனிக்ஸ் பதிவு அலுவலகம் என்று ஒன்று இயங்கியதும் அங்கேதான். 'தரமான' மனிதர்களைப் பெருக்கி, 'தரங்கெட்டவர்களை'ப் பிறக்கவிடாமல் தடுப்பது அதன் லட்சியம். அந்த அலுவலகத்தின் ஹாரி லாஃப்லின், கேரி பக் என்ற ஏழைப் பெண்ணை நேரில் பார்க்காமலேயே, இவள் பரம்பரையாக மூளை வளர்ச்சி குன்றியவள், ஒழுக்கம் கெட்டவள் என்று நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். கேரியின் தாய், கேரி, கேரியின் கைக்குழந்தை என்று மூன்று தலைமுறைப் பெண்களைக் காட்டி, குறை தாய்வழியே இறங்குகிறது என்றார்கள். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று தீர்ப்பளித்தது. கேரி கருவுற்றது, அவளை வளர்த்த வீட்டாரின் உறவினன் செய்த வல்லுறவால். அந்தக் குழந்தை பள்ளியில் நன்றாகவே படித்தது, எட்டு வயதில் நோயில் இறந்தது. வல்லுறவு செய்தவனின் பரம்பரையை எவரும் ஆராயவில்லை. இப்படிப்பட்ட சட்டங்களால் அமெரிக்காவில் 60,000-க்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. நூலைப் போல சேலை என்பதை ஆங்கிலத்தில் சட்டமாக எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

மரபணு என்ற ஒன்றே இல்லை, எல்லாம் சமூகம்தான் என்று நான் வாதாட வரவில்லை. சில தோழிகள் அப்படிப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கசப்பு உணர்வில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. 2003-இல் டென்னிஸ் டிரேனாவின் குழுவினர் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். பெயர் டிஏஎஸ்2ஆர்38, ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. நாக்கிலுள்ள ஒரு கசப்பு ஏற்பியைச் செய்வதற்கான குறிப்பு அது. அந்த ஏற்பிப் புரதத்தில் மூன்று இடங்களில் அமினோ அமிலம் மாறினால் பிடிசி கசப்பதும் கசக்காததும் மாறுகிறது. அழகான கண்டுபிடிப்புதான். ஆனால் அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைக் கடைசி வரை கேட்க வேண்டும். மனிதருக்கு மனிதர் பிடிசி கசப்பில் உள்ள வேறுபாட்டில் 55 முதல் 85 சதவீதத்தை இந்த ஒரு மரபணு விளக்குகிறது என்றார்கள். மனிதப் பண்புகளிலேயே ஒற்றை மரபணுவுக்கு இவ்வளவு பங்கு இருப்பது அபூர்வம். அங்கேயே மீதி 15 முதல் 45 சதவீதம் வேறெங்கோ இருக்கிறது. ஒரு பொடியின் கசப்பையே முழுதாக நிர்ணயிக்காத மரபணு, பொறுமையையும் தாய்மையையும் வீட்டுவேலையையும் நிர்ணயிக்கும் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை சதவீதம் ஐயா என்பதுதான்.

பாகற்காய் பிடிக்காத ஆண்கள் இந்த மரபணுவைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனிதருக்குச் சுமார் 25 கசப்பு ஏற்பி மரபணுக்கள் இருக்கின்றன. பாகற்காயின் கசப்பு பிடிசி இனத்தைச் சேர்ந்தது இல்லை, அது வேறு வேதிப்பொருள். பிடிசி தாளில் ஒன்றும் தெரியாதவருக்கும் பாகற்காய் கசக்கும். அதைச் சீவி, உப்புப் போட்டுப் பிசிறி, நீரைப் பிழிந்து, புளியும் வெல்லமும் சேர்த்து அவர் நாக்குக்குத் தோதாக்குகிற வேலை எந்தக் குரோமோசோமிலும் எழுதப்படவில்லை.

பெண்களின் நாக்கு இயற்கையிலேயே கூர்மையானது, அதனால்தான் சமையல் அவர்களுக்கு வருகிறது என்றொரு வாதமும் உண்டு. லிண்டா பார்டோஷுக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990-களில் சுவையை மிகத் தீவிரமாக உணர்கிறவர்களுக்குச் சூப்பர் டேஸ்டர் என்று பெயர் வைத்தார். அவர் ஆய்வில் அப்படிப்பட்டவர்கள் ஆண்களைவிடப் பெண்களில் அதிகம். உடனே இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். டிஏஎஸ்2ஆர்38 இருப்பது ஏழாவது குரோமோசோமில். எக்ஸிலும் இல்லை, ஒய்யிலும் இல்லை. மகனுக்கும் மகளுக்கும் அது ஒரேபோலத்தான் போய்ச் சேருகிறது. பெண்களின் நாக்கு கூர்மை என்பது மெய்யாகவே இருந்தாலும் அந்த வேறுபாட்டை இந்த மரபணுவின் தலையில் கட்ட முடியாது. அது கிடக்கட்டும். கூர்மையான நாக்குதான் சமையலுக்குத் தகுதி என்றால் கல்யாணப் பந்தியின் தலைமைச் சமையல்காரர் ஏன் ஆணாகவே இருக்கிறார்? ஓட்டல் பட்டறையில் கரண்டி பிடிப்பது ஏன் ஆண் கை? கூலி வரும் இடத்தில் நாக்கின் கூர்மை கணக்கில் வராது, கூலி இல்லாத இடத்தில் மட்டும் வரும் போலிருக்கிறது. படையல் சமையலுக்கு உப்புக்கூடப் பார்க்கக் கூடாது என்று சொல்கிற வீடுகளில், அந்தக் கூர்மையான நாக்கால் அவளுக்கு என்ன பயன் என்பதையும் யாராவது விளக்கலாம்.

தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே மரபணு வடிவம் இருந்தாலும் சுவை ஒன்றாக இருப்பதில்லை. ஜூலி மெனெல்லாவும் கூட்டாளிகளும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணுவின் இரு வடிவங்களிலும் ஒவ்வொன்று கொண்ட குழந்தைகள், அதே அமைப்புள்ள பெரியவர்களைவிடக் கசப்பை நுட்பமாக உணர்ந்தார்கள். மரபணு மாறாமலே வயது நாக்கை மாற்றுகிறது. அதே மெனெல்லாவின் 2001-ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் பிடித்தமானது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மார்களின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த உணவைக் கொடுத்தபோது முகம் சுளிப்பது குறைந்தது. தாய் உண்டதன் மணம் பனிக்குட நீரிலும் பாலிலும் கலந்து பிள்ளைக்குப் போகிறது. நாக்குக்கு இதுவும் ஒரு பரம்பரை, டிஎன்ஏவில் எழுதப்படாத பரம்பரை. கர்ப்பிணிக்குக் கத்தரிக்காய் கூடாது, பாலூட்டுகிறவளுக்கு மாங்காய் கூடாது என்று பத்தியத்தில் அடைத்துவைத்த வீட்டில் அதையும் மூடிவிட்டார்கள். பிள்ளை பெரியவனாகி எதையும் சாப்பிடாமல் அடம் பிடித்தால், பழக்கிவிடத் தெரியாதவள் என்று அவளையே திட்டவும் செய்வார்கள்.

மரபணு பெண்ணுக்குச் சாதகமாகப் பேசும் இடத்தில் இந்த வீடுகளுக்குக் காது கேட்காமல் போவது விந்தை. 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண், மாவுப்புழு வண்டுகளின் குரோமோசோம்களைப் பார்த்து, குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணுவே தீர்மானிக்கிறது என்று காட்டினார். மனிதருக்கும் அதுவேதான் என்று நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். நூறு வருடம் தாண்டியும் மூன்றாவது பெண் பிறந்ததற்கு மருமகள்தான் ஏச்சு வாங்குகிறாள். 'எங்க பையன் ஜீன்லயே பெண் குழந்தைதான் போல' என்று சொன்ன மாமியார் எந்த ஊரில் இருக்கிறார்?

சாதியை விட்டுவிட்டு நம் நாட்டில் நாக்கைப் பற்றியும் பேச முடியாது. பிடிசி சோதனை இந்தியாவுக்கு வந்தபோது மானிடவியலாளர்கள் அதைச் சாதி சாதியாக, பழங்குடி பழங்குடியாக எடுத்துச் சென்று, இந்தச் சாதியில் இத்தனை சதவீதம் பேருக்குக் கசக்கிறது, அந்தச் சாதியில் இத்தனை என்று அட்டவணை போட்டார்கள். சாதிக்குச் சாதி எண்கள் மாறத்தான் செய்தன. அதைப் பார்த்து ரத்தமே வேறு என்று மார்தட்டுகிறவர்கள் உண்டு. ஏன் மாறின? தலைமுறை தலைமுறையாக வேலி தாண்டி மணம் நடக்கவில்லை, அதனால் மாறின. 2013-இல் பிரியா மூர்ஜானி, குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்து மணந்திருக்கிறார்கள். கலப்பு பிறகுதான் நின்றது. அது எப்படி நின்றிருக்கும்? அகமணமே சாதியின் சாரம் என்று 1916-லேயே எழுதிய அம்பேத்கர், உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் சிறுமி மணமும் அந்த வேலியைக் காப்பதற்கான வழிகள் என்றார். பெண்ணை எரித்தும் முடக்கியும் குழந்தையிலேயே கட்டிக் கொடுத்தும் கட்டிய வேலி. அந்த அட்டவணையில் தெரியும் வேறுபாட்டுக்கு மரபணு காரணம் இல்லை; பெண்ணுடல்மேல் போட்ட காவல் மரபணுவில் விட்டுப்போன தழும்பு அது. இன்றும் ரத்தம் கெட்டுவிடும் என்று சொல்லித் தன் மகளையே கொல்கிறவன் காப்பதும் அந்த வேலியைத்தான்.

1939-இல் எடின்பரோவில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்திருந்த ஃபிஷர், ஃபோர்டு, ஹக்ஸ்லி ஆகிய மூன்று அறிவியலாளர்கள் அங்கிருந்த மிருகக்காட்சி சாலைக்குப் போய்ச் சிம்பன்சிகளுக்குப் பிடிசி கலந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்களைப் போலவே சிலவற்றுக்குக் கசந்தது, சிலவற்றுக்குக் கசக்கவில்லை. கசந்தவை அதை ஒளிக்கவில்லை. முகத்தைச் சுளித்தன, வேண்டாம் என்று காட்டின. மூவரும் அதைக் குறித்துக்கொண்டு கட்டுரையாக வெளியிட்டார்கள்.

பள்ளிகள் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலை இருக்கிறது. நாக்கு, காதுமடல் பட்டியலை வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தட்டும். பிடிசி தாள் வேண்டுமானால் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்து, கசந்தது, லேசாகக் கசந்தது, ஒன்றும் தெரியவில்லை என்று கரும்பலகையில் எண்ணட்டும். கூடவே இன்னொரு கேள்வியையும் எழுதி எண்ணலாம்: உங்கள் வீட்டில் யாருக்குப் பிடிக்காது என்பதால் எந்தக் காய் வாங்குவதில்லை? பதில்களில் அம்மாவின் பெயர் எத்தனை முறை வருகிறது என்று பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.